பிள்ளைகளுக்குப் பணத்தைப் பழக்குவோம்

மொனராகலை, பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு வந்துள்ள குடும்பங்களுக்கான பாடம் இது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

1. இடம் மாறினால் செலவும் மாறும்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. உயிர் தப்பிய குடும்பங்களுக்காக மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. இவ்வாறு வீடு மாறும் குடும்பத்துக்குச் சில வேளை நிவாரணப் பணம் மொத்தமாகக் கிடைக்கும். அதே நேரத்தில் பஸ் கட்டணம், மின்கட்டணம், புதிய பாடசாலைச் செலவு என்று முன்பு இல்லாத செலவுகளும் வரும். தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கிய பழக்கம் புதிய இடத்தில் சரிவராது.

பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது, எதற்காகப் போனது என்று நாம் சொல்லாவிட்டால், “கேட்டால் கிடைக்கும்” என்றோ “நம்மிடம் எப்போதும் இல்லை” என்றோ அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். இரண்டுமே தவறான பாடங்கள்.

2. வயதுக்கு ஏற்ற பழக்கம்

5 முதல் 8 வயது வரை: கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். விலையைக் கேட்டு, காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கப் பழக்குங்கள். “இது தேவை, இது ஆசை” என்று பிரித்துச் சொல்லுங்கள்.

9 முதல் 12 வயது வரை: சிறு தொகையானாலும் வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் கொடுங்கள். வியாழக்கிழமையே முடிந்துவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். அடுத்த வாரம் பிள்ளை தானே கணக்குப் பார்க்கும். பிள்ளையின் பெயரில் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கைத் தபாலகத்திலும் ஆரம்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ் அனர்த்தத்தில் அழிந்திருந்தால், அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

13 வயதுக்கு மேல்: வீட்டுக் கணக்கில் பங்கு கொடுங்கள். மாத வரவையும் செலவையும் கொப்பியில் எழுதும் பொறுப்பை மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கலாம். தொலைபேசியில் “பரிசு விழுந்திருக்கிறது” என்று சொல்லி இரகசிய இலக்கம் கேட்பவர்களைப் பற்றியும் எச்சரியுங்கள். வங்கி எதுவும் அந்த இலக்கத்தைக் கேட்காது.

3. சம்பளச் சீட்டை வாசிப்போம்

சம்பளச் சீட்டு வீட்டுக்கு வரும் நாளில் பெரிய பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த நாட்சம்பளமான 1,350 ரூபாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

20 நாள் வேலை: 27,000 ரூபா
ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் கழிக்கும் 8 வீதம்: 2,160 ரூபா
அதே நிதிக்குத் தோட்டம் தன் பங்காகச் செலுத்த வேண்டிய 12 வீதம்: 3,240 ரூபா

ஆகவே அந்த மாதம் அம்மாவின் பெயரில் சேர்வது 5,400 ரூபா. “பிடித்துக்கொண்டார்கள்” என்று நாம் சொல்லும் பணம் உண்மையில் சேமிப்பு என்பது பிள்ளைக்கு அப்போதுதான் புரியும். உங்கள் சீட்டில் உள்ள தொகையை வைத்து இதே கணக்கைச் செய்து பாருங்கள். மழையில் பால் வெட்டு நின்றாலும், வரட்சியில் கொழுந்து குறைந்தாலும் பேர் குறையும். 20 நாள் 14 நாளானால் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

4. கடனைப் பற்றிப் பேசுவோம்

நம் முன்னோர் காலத்தில் ‘துண்டு’ முறை இருந்தது. தொழிலாளியின் கடன் ஒரு சீட்டில் எழுதப்படும். வேறு தோட்டத்துக்குப் போனாலும் அந்தக் கடன் கூடவே போகும். 1921 இல் சட்டம் அதைத் தடை செய்தது. சட்டம் போனாலும் கடனின் குணம் மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மாதம் 5 வீத வட்டிக்கு 20,000 ரூபா வாங்கினால் மாதாந்த வட்டி 1,000 ரூபா. வட்டியை மட்டும் கட்டிவந்தால் ஒரு வருடத்தில் 12,000 ரூபா போய்விடும். 20,000 ரூபா கடன் அப்படியே நிற்கும். விதைக்கோ கருவிக்கோ கடன் வாங்குவது வேறு, திருவிழாவுக்கு வாங்குவது வேறு. இந்த வேறுபாட்டையும் பேசுங்கள்.

கடன் முற்றும்போது படிப்பை நிறுத்திப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பும் நிலை வருகிறது. 2021 இலிருந்து வேலைக்கு ஆகக்குறைந்த வயது 16. சட்டத்துக்காக மட்டுமல்ல, பிள்ளையின் எதிர்காலத்துக்காகவும் இதைத் தவிர்க்க வேண்டும். கணக்கைப் பிள்ளைக்குக் காட்டுவது நல்லது. ஆனால் கடன் பாரத்தை அதன் தலையில் வைக்கக் கூடாது. “இதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், நீ படி” என்ற வார்த்தையும் பணப் பாடத்தின் ஒரு பகுதியே.

5. இந்த வாரப் பயிற்சி

கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: வந்தது, செலவானது, மிஞ்சியது. ஏழு நாட்களும் அன்றன்றே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக அமர்ந்து இவற்றுக்கு விடை காணுங்கள்:

அ. தேவையில்லாமல் செலவானது எது?
ஆ. கடனாக வாங்கியது எவ்வளவு? எப்போது கொடுப்போம்?
இ. அடுத்த வாரம் சேமிப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

50 ரூபா மிஞ்சினாலும் அதைப் பிள்ளையின் கையாலேயே உண்டியலில் போடச் செய்யுங்கள்.