தருமபுரி இளைஞர்தம் பல்நலமும் மருத்துவ வாய்ப்பும்

முன்னுரை

பல்லை முத்திற்கும் முல்லை அரும்பிற்கும் ஒப்பிடுதல் தமிழ்ப் புலவர் மரபு. வெண்மையே பல்லின் அழகு என்னும் எண்ணம் நம் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது. ஆதலின், பழுப்புக் கறை கொண்ட பற்களைக் காணுங்கால், ‘இவர் பல் துலக்காதவர்’ என முடிவு கட்டுதல் உலக வழக்காயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இளைஞரைப் பொறுத்தவரை இம்முடிவு எத்துணைப் பொருந்தாதது என்பதையும், அவர்கட்குரிய மருத்துவ வாய்ப்பின் நிலையையும் ஈண்டுக் காண்போம்.

கறையின் காரணம்

2004ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டமாக விளங்கிய இப்பகுதி, கடும்பாறை நிலமாகும். பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் இஃது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. சிறிதளவு ஃபுளோரைடு பல்லைச் சொத்தையினின்று காக்கும். அளவு மிகின் அதுவே கேடாகும்.

நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அப்பருவத்தில் ஃபுளோரைடு மிகுதியாக உடலிற் சேரின், எனாமல் செறிவின்றி அமைகிறது. பல் முளைத்தபின் அதன் நுண்துளைகளில் பழுப்பு நிறம் ஏறுகிறது. எனவே, இக்கறை பல்லின்மேல் படிந்த அழுக்கன்று. பல் உருவாகும்போதே அமைந்த குறையாகும். செங்கற்பொடி கொண்டு தேய்ப்பின் எனாமல் தேயுமேயன்றிக் கறை நீங்காது. நீரைக் காய்ச்சுவதும் பயன் தராது. நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் ஃபுளோரைடின் செறிவு மிகும்.

இந்நோய் நம் நாட்டிற்குப் புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இதன் கொடுமை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டது.

இடைப்பட்ட தலைமுறை

இவ்விரு மாவட்டங்கட்கும் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. வரவேற்கத்தக்க இத்திட்டத்தின் பயன் யாரைச் சேரும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன்பின் பிறந்து, ஆற்றுநீரையே பருகி வளரும் குழந்தைகள் இக்கறையினின்று தப்புவர். ஆனால், இன்று இருபது வயதைக் கடந்தோர்க்கு எனாமல் உருவாகும் பருவம் அதற்கு முன்னரே பெரும்பாலும் கழிந்துவிட்டது. நல்ல நீர் வந்தபோது அவர்தம் பற்கள் உருவாகி முடிந்திருந்தன. ஆக, தடுப்பு அவர்களை எட்டவில்லை. சிகிச்சையே அவர்கட்கு எஞ்சிய வழி.

மருத்துவ வாய்ப்பு

நடுவண் அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் பற்கோளாறுகளையும் கருத்திற் கொள்கிறது. ஆயினும், அதன் எல்லை பதினெட்டு வயதோடு முடிகிறது. கல்லூரிப் பருவத்தினர் அதன் வரம்பிற்கு அப்பாற்பட்டோராகின்றனர்.

மிதமான கறையை நுண்தேய்ப்பு, வெளுப்பு முறைகளாற் குறைக்கலாம். கடுமையானதைப் பல்நிறப் பூச்சாலோ உறையாலோ மறைக்கலாம். இவை அழகு சிகிச்சை எனக் கருதப்படுவதால், வலிபோக்கலும் பல் பிடுங்கலும் பெறும் முதன்மையைப் பெறுவதில்லை. தனியார் மருத்துவமனையை நாடுவதோ கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதன்று. மருத்துவரிடம் பன்முறை செல்ல நேரின், பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியும் இழப்பாகும்.

இதன் விளைவு வாயோடு நிற்பதில்லை. கைகொண்டு வாயை மறைத்துச் சிரிப்போரையும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாய்திறக்கக் கூசுவோரையும், திருமணப் பேச்சில் குறை கேட்போரையும் நாம் காணாமலில்லை. இஃது அழகுபற்றிய சிக்கல் மட்டுமன்று; வாழ்வுபற்றிய சிக்கலுமாகும்.

நிறைவுரை

ஆகவே, மூன்று செயல்கள் இன்றியமையாதன. கல்லூரிகளில் ஆண்டுதோறும் பற்பரிசோதனை நிகழ்தல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் தாம் முகாமிடும் ஊரின் குடிநீரை ஆய்வுக்கு அனுப்பி, முடிவை ஊராட்சிக்கு அறிவித்தல் வேண்டும். நீரால் விளைந்த இக்குறைக்கான சிகிச்சையை அரசு மருத்துவமனைகள் நோய்க்குரிய சிகிச்சையாகவே ஏற்று, இலவசமாக வழங்குதல் வேண்டும். ஊருக்கு வாய்த்த நீரின் குறையை அதனைக் குடித்து வளர்ந்த பிள்ளையின் குறையாகக் கூறுதல் அறமன்று. அவ்விளைஞர் கூச்சமின்றிச் சிரிக்கும் நாளே இத்திட்டங்கள் முழுமை பெறும் நாளாம்.