புதுடில்லி ஸ்டேஷனில் ரயில் படம் எடுக்க...

பிளாட்பார டிக்கெட் கட்டாயம்; 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். தீபாவளி, சத் பூஜை நெரிசலில் அதன் விற்பனையையே நிறுத்திவிடுவதுண்டு, அப்போது போகாதீர்கள்.

காலை வெயில் அஜ்மீரி கேட் பக்கமிருந்து வரும். ரயிலுக்கு அந்தப் பக்கமாக நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; இன்ஜின் முகம் பளிச்சென்று விழும். கூரை முடிகிற பிளாட்பார முனைதான் நல்ல இடம். இன்ஜினின் பக்கவாட்டில் அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எழுதியிருப்பார்கள். காஜியாபாத்துக்கு நடுவே ராயபுரம் கண்ணில் பட்டால் நம்மூர்க்காரர்களுக்குத் தனி குஷி!

ஃபிளாஷ் வேண்டாம், ஓட்டுநரின் கண் கூசும். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டுமே. ஆர்.பி.எஃப். காவலர் தடுத்தால் வாதாடாமல் கேமராவை உள்ளே வையுங்கள்.

டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். கிளம்பும்முன் நேரம் பாருங்கள்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கள் விடுமுறை.