நீரிழிவுத் தணிவும் எடைக் குறைப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. மேட்டின் ஒருபுறம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். மறுபுறம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத் தோட்டங்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் செல்லும் தமிழ்ப் பெண்களில் பலர் தோட்டக் குடியிருப்புகளில் தங்குவதில்லை. போடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் விடியுமுன் எழுந்து சோறாக்கி, அதைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் மலையேறி, மாலையில் வீடு திரும்புகின்றனர்.

இவ்வாறு உழைப்பவர்களுக்கு நீரிழிவு வராது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடையவர்கள் என்பது அதன் மதிப்பீடு. வயதுவந்தோரில் கேரளத்தில் 25.5 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கும் இந்நோய் இருந்தது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். நீரிழிவுக்கு முந்திய நிலையில் உள்ளவர்களைக் கணக்கிட்டபோதோ, நகருக்கும் கிராமத்துக்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை.

நோய் உறுதியானதும் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: மாத்திரையை ஆயுள் முழுவதும் விடக்கூடாது. இது பாதுகாப்பான அறிவுரை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை இதுவே முழு உண்மை அன்று என்பதைக் கடந்த 15 ஆண்டுகளின் ஆராய்ச்சி காட்டியுள்ளது.

பழைய கவனிப்பும் புதிய சான்றும்

1870-71இல் பாரிஸ் நகரம் பிரஷ்யப் படைகளால் முற்றுகையிடப்பட்டபோது அங்கே உணவு அரிதாயிற்று. பூஷார்தா என்ற பிரெஞ்சு மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றுவந்த நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். அக்கவனிப்பு நெடுங்காலம் ஒரு வரலாற்றுச் செய்தியாகவே நின்றுவிட்டது. இன்சுலினும் மாத்திரைகளும் வந்த பின்னர் உணவு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

2011இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராய் டெய்லர் ஒரு சிறு சோதனையின் முடிவை வெளியிட்டார். அண்மையில் நோய் கண்டறியப்பட்ட 11 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி மட்டுமே தரும் உணவு 8 வாரங்களுக்கு அளிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் அவர்களது வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. பின்னர் அவரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் இதைப் பெரிய அளவில் சோதித்தனர். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 49 பொது மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த சுமார் 300 பேர் அதில் பங்கேற்றனர். நோய் தோன்றி 6 ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள். இன்சுலின் ஊசி போடாதவர்கள். ஒரு பிரிவினருக்கு நீரிழிவு மாத்திரைகள் நிறுத்தப்பட்டு, மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி கொண்ட பானங்கள் மட்டுமே தரப்பட்டன. அதன்பின் வழக்கமான உணவு படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

முடிவு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் இப்பிரிவினரில் 46 சதவீதத்தினர் மாத்திரையின்றி நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற மறு பிரிவினரில் இது 4 சதவீதமே. 15 கிலோவுக்குக் குறையாமல் எடை இழந்தவர்களில் மட்டும் 86 சதவீதத்தினர் இந்நிலையை எட்டினர். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. ஐந்தாம் ஆண்டில் அது மேலும் வெகுவாகச் சுருங்கிற்று. எடை மீண்டும் ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. வெற்றியைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பின்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.

இந்நிலையைக் குறிக்க மருத்துவ உலகம் ‘குணம்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘தணிவு’ என்ற பொருள் தரும் சொல்லையே தேர்ந்துள்ளது. 2021இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வரையறை இது: சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளை எல்லாம் நிறுத்தி மூன்று மாதங்களாவது ஆன பின்னும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையின் அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். சாம்பலுக்கடியில் கங்கு இருப்பதுபோல நோய் அடங்கியிருக்கிறது என்றே இதைக் கொள்ளவேண்டும்.

ஈரலும் கணையமும்

எடை குறைந்தால் சர்க்கரை ஏன் குறைகிறது? தேவைக்கு மிஞ்சிய உணவைக் கொழுப்பாகத் தோலுக்கடியில் சேமிக்கும் திறன் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுவரைதான் உண்டு. அவ்வளவு நிரம்பியதும் கொழுப்பு ஈரலில் படிகிறது. கொழுத்த ஈரல் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. இரவு முழுவதும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதோடு, கொழுப்பை மற்ற உறுப்புகளுக்கும் அனுப்புகிறது. அதில் ஒரு பகுதி கணையத்தில் சேர்ந்து, இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. இதுவே டெய்லரின் விளக்கம். உண்பது செலவைவிடக் குறைந்தால், உடல் முதலில் எடுத்துச் செலவிடுவது ஈரலின் கொழுப்பைத்தான். கணையத்தின் மீட்சி அவ்வளவு விரைவன்று. நோய் முற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டால் அவ்வுயிரணுக்கள் மீள்வது அரிது. ஆகவேதான் நோய் கண்ட முதல் சில ஆண்டுகள் மிகவும் மதிப்புடையவை.

மெலிந்தவருக்குப் பொருந்துமா?

ஐரோப்பிய நோயாளிக்கு 15 கிலோ குறையலாம். 55 கிலோ எடையுள்ள ஏலத் தோட்டத் தொழிலாளி எதைக் குறைப்பது என்ற கேள்வி நியாயமானது. புனே நகர ஆராய்ச்சியாளர் சி. எஸ். யாஜ்னிக், 2004இல் தம்மையும் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்த இந்திய உடல் உள்ளே கொழுத்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. இந்தியரைப் பொறுத்தவரை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் அபாயம் என்றும் கொள்ளப்படுவது இதனாலேயே.

2023இல் வெளியான நியூகாசில் ஆய்வொன்று, பருமன் இல்லாத 20 நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தபோது அவர்களில் 14 பேருக்கு நோய் தணிந்தது. ஸ்காட்லாந்தில் வாழும் தெற்காசியர் 25 பேரிடம் நடந்த மற்றொரு சிறு ஆய்விலும் கணிசமானோர் தணிவு நிலையை அடைந்தனர். எனவே 60 கிலோ உள்ளவருக்கு இலக்கு 15 கிலோ அன்று, 6 கிலோ.

தூக்குச் சட்டியில் என்ன மாறவேண்டும்?

மலைச்சரிவில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரை 850 கலோரியில் வைப்பது விவேகமாகாது. அவருக்கு ஏற்றது மெதுவான வழியே. நாளொன்றுக்கு 450 கிராம் அரிசி உண்பவர் சோற்றிலிருந்து மட்டும் சுமார் 1,575 கலோரி பெறுகிறார். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் 525 கலோரி மிச்சம். நாளுக்கு நான்கு முறை தேநீர் பருகி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் அதில் 160 கலோரி, அதையும் விட்டுவிடலாம். அந்த இடத்தில் 50 கிராம் கொண்டைக்கடலை அல்லது பயறும் ஒரு முட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 240 கலோரி கூடும். நிகரமாக 445 கலோரி குறைவு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், கணக்குப்படி 17 நாட்களுக்கு ஒரு கிலோ குறையவேண்டும். உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்வதால் நடைமுறையில் இன்னும் மெதுவாகவே குறையும். கீரை, அவரை, புடலை, வெண்டை போன்றவற்றை வயிறு நிறையச் சேர்த்தால்தான் குறைந்த சோறு பசியாக உணரப்படாது. மோருக்கும் அங்கே இடமுண்டு. எண்ணெய் மட்டும் கவனத்துக்குரியது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி.

இந்தியர் உணவில் சக்தியின் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது 2025இல் வெளியான மேற்படி தேசிய ஆய்வின் மற்றொரு பகுதி கண்ட உண்மை. புதிதாக நோய் கண்டவர்கள் தணிவு நிலையை அடைய மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தைச் சுமார் 20 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று அதே ஆய்வுக் குழு 2022இல் கணக்கிட்டிருந்தது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். அரிசிக்குப் பதில் கேழ்வரகோ கோதுமையோ உண்டால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் நீரிழிவு அபாயம் குறைவதில்லை என்று 2025ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி. அதற்காக அதை வரவேற்கலாம். ஆனால் மூன்று உருண்டைக் களியும் மூன்று தட்டுச் சோறும் உடலின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே.

நியாய விலைக் கடையின் பங்கு இதில் பெரிது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவைக் கருதினால், அரிசிக்கு மாற்றாகத் தேவைப்படுவது தானியத்தைவிடப் பயறும் பருப்புமே. இலவச அரிசிக்கும் விலை கொடுத்து வாங்கும் பயற்றுக்கும் இடையே உள்ள தூரம்தான் கூலித் தொழிலாளியின் உணவை முடிவு செய்கிறது.

மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது

இவ்வளவு கேட்டதும் மாத்திரையை எறிந்துவிடுவோர் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உண்போரும் இன்சுலின் போடுவோரும் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். மலைச்சரிவில் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் முதலில் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே உணவைக் குறைக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. சிறு வயதிலேயே தோன்றும் முதல் வகை நீரிழிவுக்கு இம்முறை அறவே பொருந்தாது. அவர்கள் இன்சுலினை நிறுத்துவது மரணத்தில் முடியும். கருவுற்றோருக்கும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் இது உகந்ததன்று.

இன்னொன்று, தோட்டப் பகுதிகளில் எளிதில் கண்ணுக்குத் தப்புவது. முயலாமலே உடல் இளைத்தால் அது நன்மையின் அறிகுறியன்று. சர்க்கரை கட்டுக்கடங்காமல் சிறுநீரில் வெளியேறுவதாலும் உடல் மெலியும், காசநோயாலும் மெலியும். நீரிழிவுடையோரைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. ஆகவே எடை குறைந்தவரிடம் சர்க்கரை அளவையும், இருமலும் காய்ச்சலும் உண்டா என்பதையும் விசாரித்த பின்னரே பாராட்ட வேண்டும்.

இரு மாநிலங்களுக்கு நடுவே

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்க வகை செய்தது. கேரளம் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்ற முற்பட்டது. இரண்டும் சிறந்த ஏற்பாடுகள். ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் பகலில் போடியில் கதவைத் தட்டும்போது, தேடப்படுபவர் மேட்டுக்கு அப்பால் ஏலச் செடிகளுக்கிடையே இருக்கிறார். இடுக்கியின் மருத்துவ மையத்திலோ அவர் அயல் மாவட்டத்தவர். மாத்திரையை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லலாம். எடையையும் இடுப்புச் சுற்றையும் அவ்வாறு அளந்து செல்ல இயலாது. தணிவுச் சிகிச்சைக்கு இன்றியமையாதவை இந்தத் தொடர் அளவீடும் மருந்தைத் திருத்தும் மருத்துவரின் கவனமுமே.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். உணவு, நடைப்பயிற்சி பற்றிய அறிவுரையைத் தொடர்ந்து பெற்றவர்களிடம் நோய் தோன்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரிடம் நடந்த முயற்சியில், அண்டை அயலார் சிறு குழுக்களாகக் கூடி ஒருவரையொருவர் ஊக்குவித்தனர். 2018இல் வெளியான அதன் முடிவில் நீரிழிவு குறைந்த அளவு எதிர்பார்த்தபடி அமையவில்லை என்றாலும், உணவுப் பழக்கத்தில் மாற்றம் ஏற்பட்டது.

போடியில் இத்தகைய குழுவைப் புதிதாக அமைக்கத் தேவையில்லை. தினமும் ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே தோட்டத்தில் வேலை செய்து, நண்பகலில் ஒன்றாக அமர்ந்து தூக்குச் சட்டியைத் திறக்கும் பெண்கள் ஏற்கெனவே ஒரு குழுவாக இருக்கின்றனர். ஜீப்புகள் புறப்படும் இடத்தில் வாரம் ஒருநாள் அதிகாலையில் ஓர் எடைப்பொறி, ஓர் அளவு நாடா, ஒரு சர்க்கரைமானி, ஒரு செவிலியர் ஆகியவை போதும். அளவுகளை இரு மாநில மருத்துவர்களும் ஏற்கும் ஒரே அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் குறித்துக் கொடுக்கலாம். நோய் தணிந்தவர்களையும் அந்த அட்டையிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அவர்களுக்கும் ஆண்டுதோறும் எச்.பி.ஏ.1.சி. சோதனையும், கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனையும் தொடரவேண்டும். செருப்பின்றிக் களையெடுப்போரைப் பொறுத்தவரை பாதப் பரிசோதனையையே முதலில் வைக்கவேண்டும்.