கோடுகளால் பேசிய எர்ஜே

படக்கதை படித்தால் படிப்புக் கெடும் என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் படக்கதை ஓவியர் ஒருவரின் வாழ்க்கையே நமக்கு நல்ல பாடமாக அமைவதை இங்கே காண்போம்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய எட்டர்பீக்கில் 1907ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பிறந்தவர் ஜார்ஜ் ரெமி. பெயரின் முதலெழுத்துக்களைத் திருப்பிப் போட்டு, பிரெஞ்சு ஒலிப்பில் ‘எர்ஜே’ என்று புனைபெயர் சூடிக்கொண்டார். 1929ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், கத்தோலிக்க நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில், இளம் நிருபன் டின்டினும் அவனுடைய வெள்ளை நாயும் முதன்முதலாகத் தோன்றினர்.

எர்ஜேயின் சித்திரங்களில் கோடுகள் தெளிவானவை. நிழலுக்காகக் கிறுக்கல்கள் இரா. டின்டினின் கண்கள் வெறும் இரண்டு புள்ளிகள்! ஆனால் பின்னணியில் உள்ள கப்பல், கார், கட்டடம் யாவும் உண்மைபோலவே இருக்கும். ‘தெளிகோடு’ எனப்படும் இப்பாணியைப் பிற்கால ஓவியர் பலர் பின்பற்றினர்.

எனினும் அவரும் தவறு செய்தவரே. 1930இல் தொடங்கிய காங்கோ கதையில், தாம் நேரில் பார்த்திராத ஆப்பிரிக்க மக்களை அறிவிலிகள்போல் கேலியாக வரைந்தார். அக்கதை இன்றும் கண்டனத்துக்கு உள்ளாகிறது.

பின்னர் டின்டின் சீனாவுக்குச் செல்லப்போவதாக அறிவித்தபோது, லூவேன் பல்கலைக்கழகத்தின் சீன மாணவர்களுக்கு ஆன்மகுருவாயிருந்த கோசே அடிகளார் அவருக்குக் கடிதம் எழுதினார். சீனர்களை நன்கு அறிந்து வரையுமாறு கேட்டுக்கொண்டார். அதன் பயனாக 1934இல் சாங் சோங்ரன் என்னும் சீன மாணவரின் நட்புக் கிடைத்தது. அவரிடம் சீன வாழ்க்கையையும் தூரிகை முறையையும் எர்ஜே கற்றார். ‘நீலத் தாமரை’ கதையில் காணும் சீன எழுத்துக்கள் பல சாங்கின் கைவண்ணமே. அதில் டின்டினும் சாங் என்னும் சிறுவனும், ஒருவர் நாட்டைப்பற்றி மற்றவர் நாட்டார் கொண்டுள்ள மூடக் கருத்துக்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்!

சாங் தாயகம் திரும்பியபின் தொடர்பு அறுந்தது. எர்ஜே அவரை மறக்கவில்லை. 1960இல் நூலாக வெளிவந்த திபெத் கதையில், பனிமலையில் காணாமற்போன சாங்கைத் தேடி டின்டின் செல்கிறான். உண்மை நண்பர்களோ 1981இல் பிரஸ்ஸல்ஸில் மீண்டும் சந்தித்தனர். இரண்டு ஆண்டுகளில், 1983 மார்ச் 3ஆம் நாள், எர்ஜே மறைந்தார்.

தோழிகளே, சென்ற ஆண்டு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியை என் நோட்டின் ஓரத்தில் கேலிச்சித்திரமாக வரைந்தேன். பலரும் சிரித்தனர், அவள் மட்டும் தலைகுனிந்தாள். அப்போது அவளுடன் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எர்ஜேயைப்பற்றிப் படித்தபின் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் என் அருகில் அமர்கிறாள்.

கை வரையுமுன் கண் காணவேண்டும். கண் காணுமுன் மனம் திறக்கவேண்டும். இதுவே எர்ஜே நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.