ஐம்பத்தைந்துக்கு முன் சரிபார்க்க வேண்டிய காகிதங்கள்

கடையில் இருபது, முப்பது வருஷம் நின்று உழைத்தவர்கள், ஓய்வுக் காலத்துக்கு இனி எதில் சல்லி போடலாம் என்று கேட்கிறார்கள். அதற்கு முன், ஏற்கெனவே உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் காசு சிக்கலில்லாமல் கைக்கு வருமா என்று பாருங்கள். மடவளையிலிருந்து கண்டிக்கும் புறக்கோட்டைக்கும் கடை வேலைக்குப் போய்வரும் நம் ஆட்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கணக்கு எளியது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளம் 60,000 ரூபாய் என்றால் மாதம் 12,000 ஈ.பி.எஃப்.க்கும் 1,800 ஈ.டி.எஃப்.க்கும் போக வேண்டும். கையில் 60,000 தந்துவிட்டு ஏட்டில் 30,000 என்று எழுதும் கடைகள் உண்டு. அங்கே ஓய்வுக்காலப் பணமும் பாதியாகிவிடும். சம்பளச் சிட்டையை வாங்கிப் பாருங்கள். வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், கடையில் தரும் சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் கணக்கில் சேர வேண்டும். ஓவர்டைம் மட்டும் சேராது.

இனித்தான் கஷ்டமான வேலை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார். முஹம்மதுக்கு முதலில் ஓவா யூவா, நடுவில் ஒரு எம்மா இரண்டா, கடைசியில் ஈயா ஏயா? ஒரே ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பதினெட்டு வயதில் முதல் கடையின் கணக்குப்பிள்ளை காதால் கேட்டு எழுதியது இன்னொன்று. வாப்பாவின் பெயரைக் குறிக்கும் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், வேறிடத்தில் இராது. இத்தனை வருஷமும் இதைப் பற்றி எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பணம் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில்தான் கேட்பார்கள்.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, வேலை செய்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடையின் பெயர், சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், தொழில்தருநர் இலக்கம், உங்கள் உறுப்பினர் இலக்கம். கடை மாறும்போது புது இலக்கம் தருவதே வழக்கம் என்பதால், நான்கு கடை மாறியவருக்கு நான்கு கணக்குகள் இருக்கலாம். உறுப்பினர் அட்டையான ‘பீ கார்ட்’ தொலைந்திருந்தால் பழைய சம்பளச் சிட்டையிலோ மத்திய வங்கி அனுப்பும் வருடாந்தக் கணக்குக் கூற்றிலோ இலக்கம் இருக்கும். பிறகு அந்தக் கூற்றையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அட்டை இலக்கத்தையும் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணோடு திறந்த கணக்கும், புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் ஒரே ஆளுடையது என்பது பதிவில் இருக்க வேண்டும்.

ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்தாலும் இப்போதே தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். திருத்தத்துக்கு முன்னாள் முதலாளியின் கடிதம் கேட்பார்கள். அந்த முதலாளி இன்று உயிரோடு இருப்பார், கடையும் இருக்கும். பத்து வருஷம் கழித்து இரண்டும் இருக்கும் என்று யார் சொல்வது? கிராம உத்தியோகத்தரின் சான்றும் சத்தியக் கடதாசியும் தேவைப்படலாம். பிறப்புச் சான்றிதழில் நான்கு பிரதி கையோடு கொண்டு போங்கள், ஒரு பிரதிக்காகத் திரும்பி வர வேண்டாம். கணக்குகளை ஒன்றாக்கும் விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

ஓய்வு பெறும்போது ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஈ.பி.எஃப். பணத்தை எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கவும் வழி உண்டு. மருத்துவத்துக்கு எடுங்கள். மேல்மாடி கட்ட எடுக்க வேண்டாம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையும் உண்டு. அதைக் கேட்காமல் விலகுகிறவர்கள் அதிகம்.

சொந்தக் கடைக்காரருக்கும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கும் இப்படி முதலாளி போடும் பணம் இல்லை. அவர்கள் கடை வரவு செலவோடு கலக்காத தனிக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். வட்டி வேண்டாம் என்போருக்கு 2011 முதல் அமானா வங்கி இருக்கிறது, மற்ற வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உண்டு. ஈ.பி.எஃப். இலாபம் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள், அந்தச் சந்தேகத்திலேயே உரிமையைக் கைவிட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் காணியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அரைப் பேர்ச் மட்டும் விற்க முடியாது.

எவ்வளவு வேண்டும் என்பதை ரூபாயில் ஒரே தடவை முடிவு செய்யாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமாக இருந்தது. அதற்கு முந்திய வருஷம் போட்ட கணக்கு எதற்கும் உதவவில்லை. நம்மில் பலர் ரமழானில் ஸக்காத்துக்காக நகை, சரக்கு, கையிருப்பு, கடன் எல்லாம் எழுதுகிறோம். அதே தாளின் பின்பக்கத்தில் அரிசி, மருந்து, கரண்ட் பில் என்று இந்த வருஷத்து மாதச் செலவை எழுதி, சேமிப்பு அதில் எத்தனை மாதத்துக்குப் போதும் என்று வகுத்துப் பாருங்கள். வருஷா வருஷம் அந்த மாத எண்ணிக்கை கூட வேண்டும்.

கடைசியாக, பின்னுரித்தாளர், அதாவது நீங்கள் மௌத்தானால் அந்தப் பணத்தைப் பெற வேண்டியவர். கலியாணத்துக்கு முன் உம்மாவின் பெயரைப் போட்டவர்கள் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். உம்மா மௌத்தாகிவிட்டார், இப்போது மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். படிவத்தை இந்த மாதமே மாற்றிவிட்டு, பிரதி எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லுங்கள்.