வீட்டு மனையும் மூன்று சதுரங்களும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின்மீது வரையப்படும் சதுரத்தின் பரப்பு, மற்ற இரு பக்கங்களின்மீது வரையப்படும் சதுரங்களின் பரப்புகளது கூடுதலுக்குச் சமம். இதுவே பைதாகரஸ் தேற்றம். மாணவர் பலர் இதனை எண்களைப் பற்றிய சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்கின்றனர். இது பரப்பைப் பற்றிய உண்மை என்பதை மறந்துவிடுகின்றனர். வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் முறைகளைக் கூறும் பௌதாயன சுல்ப சூத்திரமும் இதனைப் பரப்பாகவே கூறுகிறது.

பெங்களூரில் பெரிதும் வழக்கிலுள்ள வீட்டு மனையின் அளவு 30 அடிக்கு 40 அடி. மூலைவிட்டம் ஒன்று வரைந்தால் அம்மனை இரு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். சிறு பக்கங்களின்மீதுள்ள சதுரங்கள் 900, 1,600 சதுர அடி. இவற்றின் கூடுதல் 2,500. ஆகவே மூலைவிட்டம் 50 அடி. மீட்டர் கணக்கில் இதற்கு நெருங்கிய 9 × 12 மனைக்கு மூலைவிட்டம் 15 மீட்டர்.

அட்டையில் நிறுவுதல்

10 அடிக்கு 1 அங்குலம் எனக் கொள்க. 3, 4 அங்குலப் பக்கங்களுடைய நான்கு செங்கோண முக்கோணங்களை அட்டையில் வெட்டி, 7 அங்குலச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் பொருத்துக. நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று எஞ்சும்; அதன் பக்கம் முக்கோணத்தின் கர்ணமாகும். இனி, அதே முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு நீள்சதுரங்களாக்கி, அதே 7 அங்குலச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் வைக்க. இப்போது 3 அங்குலச் சதுரம் ஒன்றும் 4 அங்குலச் சதுரம் ஒன்றும் எஞ்சும். இருமுறையும் மூடப்பட்ட பரப்பு ஒன்றே. ஆதலின் எஞ்சிய பரப்பும் ஒன்றே. 49 − 24 = 25 = 9 + 16.

களத்தில் பயன்

மனையின் நான்கு பக்கங்களும் சரியாயிருத்தல் மட்டும் போதாது. எதிர்ப் பக்கங்கள் 30, 40 அடியாகவே இருந்து, மூலைகள் செங்கோணமாக இல்லாமல், ஒரு மூலைவிட்டம் 40 அடியே இருப்பதாகக் கொள்வோம். பாதி மனை 40, 40, 30 அடிப் பக்கங்களுடைய முக்கோணமாகும். 30 அடிப் பக்கத்திற்குச் செங்குத்துக்கோடு வரைந்தால் அப்பக்கம் 15 அடியாக இரண்டாகும். 1,600 − 225 = 1,375; எனவே உயரம் ஏறத்தாழ 37.08 அடி. முக்கோணத்தின் பரப்பு 556 சதுர அடி. முழு மனை 1,112 சதுர அடி. பத்திரத்தில் 1,200 என்றிருப்பினும் நிலத்தில் 88 சதுர அடி குறைவு! சுற்றளவை மட்டும் அளப்பவர் இதனை அறியார்.

ஆகவே களப்பணியாளர் அளவு நாடாவைத் தொய்வின்றிப் பிடித்து, நான்கு பக்கங்களோடு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளத்தல் வேண்டும். எதிர்ப் பக்கங்கள் சமமாயிருந்து, மூலைவிட்டங்களும் சமமாயிருந்தால் மனை நீள்சதுரமே. மூலைவிட்டங்கள் மட்டும் சமமாயிருப்பது போதிய சான்றன்று; ஒரு பக்கம் குறுகிய மனையிலும் அவை சமமாகலாம்.

பயிற்சி

1. 20 × 30 அடி மனையின் மூலைவிட்டம் எவ்வளவு? (விடை: 1,300இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 36.06 அடி.)

2. சதுரங்களுக்குப் பதிலாக மூன்று பக்கங்களின்மீதும் அரைவட்டங்கள் வரைந்தால் தேற்றம் பொருந்துமா? (விடை: பொருந்தும். ஒவ்வோர் அரைவட்டமும் தன் பக்கத்துச் சதுரத்தின் பரப்பில் ஒரே பங்காக இருப்பதே காரணம்.)