லிங்ஸி கஷாயத்தில் எது கரைகிறது?

லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால், மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அங்குள்ள சீன மருந்துக் கடைகளில், வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு நிற விசிறிக் காளானைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லிங்ஸி. அறிவியல் பெயர் கனோடெர்மா. கிரேக்கச் சொற்களின்படி ‘பளபளக்கும் தோல்’. கட்டைபோல் கடினமானது, குழம்பில் போட முடியாது. சீவல்களாக்கி, நெடுநேரம் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள்.

அப்போது நீரில் என்ன இறங்குகிறது? பீட்டா-குளுக்கன் எனும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒரு பகுதி. இட்லியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் அதில் கண்ணிகள் ஆல்ஃபா பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். காளானில் பீட்டா பிணைப்பு. பார்க்கச் சிறிய வேறுபாடுதான். ஆனாலும் இட்லியைச் செரிக்கும் நம் நொதிகளால் இதை உடைக்க முடியாது!

கஷாயம் கசப்பது இன்னொரு குடும்பத்தால்: டிரைடெர்பீன்கள். 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றில் கனோடெரிக் அமிலம் ஏ, பி இரண்டையும் பிரித்தெடுத்தனர். ‘ஏ’ மூலக்கூறில் 30 கார்பன், 44 ஹைட்ரஜன், 7 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. காளான் இவற்றை லானோஸ்டெராலிலிருந்து தயாரிக்கிறது. நம் உடலும் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியில் அதே லானோஸ்டெராலை உண்டாக்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

தாளிக்கும் எண்ணெயில் மஞ்சள் நிறம் உடனே இறங்குவதையும், வெறும் தண்ணீரில் தூள் அடியில் தங்குவதையும் கவனித்திருக்கிறீர்களா? டிரைடெர்பீன்களும் அப்படித்தான். நீரில் கொஞ்சமே கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஆகவே கொதிநீரில் எடுத்த சாறும் ஆல்கஹாலில் எடுத்த சாறும் வேதியியல்படி ஒன்றல்ல. புட்டியில் மட்டும் இரண்டுக்கும் ‘லிங்ஸி’ என்றே பெயர்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்மீது கனோடெரிக் அமிலங்கள் செயல்படுவது உண்மை. ஆனால் தட்டில் நேரடியாக ஊற்றும் அளவு, விழுங்கியபின் இரத்தத்தை எட்டும் அளவு அல்ல. நோயாளிகளிடம் நடந்த 5 ஆய்வுகளை 2016இல் அலசிய காக்ரேன் அறிக்கை, இதை முதன்மைச் சிகிச்சையாகப் பயன்படுத்தப் போதிய ஆதாரமில்லை என்றது.

இன்னொன்றும் உண்டு. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுவோருக்கு லிங்ஸியால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ இரண்டையும் எடுத்துக்கொண்டால், அடுத்தமுறை பலதுறை மருந்தகத்துக்கு அந்தப் புட்டியையும் பையில் போட்டு அனுப்புங்கள். தூளா, நீர்ச்சாறா, ஆல்கஹால் சாறா என்று மருத்துவர் பார்க்கட்டும்.